ஒரே சிலிண்டர்ல ரெண்டு வாய் வெச்சா அது பேக்கப்பா?

ஸ்கூபா பழகினவங்க யாராவது உங்க வகுப்புல இருந்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "தண்ணிக்குள்ள திடீர்னு காத்து வரலைன்னா என்ன பண்ணுவே?" பெரும்பாலும் ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "ஆக்டோபஸ் இருக்கே." இன்னொண்ணு, "பட்டி இருக்கானே." ரெண்டாவது பதில் பாதி சரி. முதல் பதில் தப்பு. இந்தக் கட்டுரை அந்தத் தப்பைப் பத்தித்தான்.

தெரியாதவங்களுக்காக அமைப்பை ஒரு தடவை சொல்லிடறேன். முதுகில் இருக்கும் சிலிண்டர்ல காத்து சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதன் வால்வுல மாட்டுற முதல் கட்ட ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை, சுத்தியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கும். அங்கிருந்து ஹோஸ் வழியா வாயில் கடிச்சிருக்கும் இரண்டாம் கட்டத்துக்கு வரும். அது நீங்க மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காத்தைத் தரும். ஆக்டோபஸ் என்பது அதே முதல் கட்டத்தில் இன்னொரு ஹோஸ் போட்டு மாட்டின, பெரும்பாலும் மஞ்சள் நிற, இன்னொரு இரண்டாம் கட்டம். அவ்வளவுதான்.

இப்போ படம் போட்டுப் பாருங்க. காத்து ஒரே சிலிண்டர்ல. வால்வு ஒண்ணு. முதல் கட்டம் ஒண்ணு. அதுக்கப்புறம்தான் பாதை ரெண்டாப் பிரியுது. பிரியுற இடத்துக்கு மேல எது போனாலும் ரெண்டு வாயும் சேர்ந்தே போகும். வால்வுக்கும் முதல் கட்டத்துக்கும் நடுவுல இருக்கும் சின்ன ஓ-ரிங் பிதுங்கினாலும் சரி, காத்தே தீர்ந்து போனாலும் சரி, ஆக்டோபஸ் உங்களுக்கு எதுவும் செய்யாது. லோ பிரஷர் ஹோஸ் ஒண்ணு வெடிச்சா சிலிண்டர் சில நிமிஷத்தில் காலி. அந்தச் சில நிமிஷமும் குமிழி கண்ணை மறைக்க, காதுக்குப் பக்கத்தில் இரைச்சலோட போகும். ஆக்டோபஸ் உண்மையில் பிறந்தது உங்களுக்காக இல்லை. காத்து தீர்ந்து உங்ககிட்ட வர்றவருக்காக. வாயில் இருக்கும் மவுத்பீஸ் கிழிஞ்சா உங்களுக்கும் உதவும், அது போனஸ்.

குளிர் நாடுகள்ல இது பேச்சுக்குச் சொல்ற விஷயம் இல்லை. 200 பாரிலிருந்து காத்து விரியும்போது குளிரும். இதை நாம தெர்மோடைனமிக்ஸ்ல எழுதிப் பாஸ் பண்ணியிருக்கோம். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருந்தா அந்தக் குளிர்ச்சியில் ரெகுலேட்டர் உறைஞ்சு, திறந்த நிலையிலேயே மாட்டிக்கும். காத்து நிக்காம கொட்டும். அதை நிறுத்த ஒரே வழி வால்வை மூடறது. மூடினா மூச்சு எங்கிருந்து? அதனாலதான் பிரிட்டனில் நீர் நிறைஞ்ச பழைய கல்குவாரிகளிலும், கடலடிக் கப்பல் சிதைவுகளிலும் இறங்குறவங்க பலர் பெரிய சிலிண்டருக்குப் பக்கத்தில் 3 லிட்டர் சின்ன சிலிண்டர் ஒண்ணு கட்டிக்கிட்டு இறங்குறாங்க. அதுக்குத் தனி வால்வு, தனி முதல் கட்டம், தனி இரண்டாம் கட்டம், தனி கேஜ். போனி சிலிண்டர்னு பேரு. பெரிய குதிரை பக்கத்தில் குட்டிக் குதிரை.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ரெகுலேட்டர் உறையாது, உண்மைதான். ஆனா ஓ-ரிங்குக்கும் ஹோஸுக்கும் நம்ம ஊர் வெயிலும் உப்பும் குளிரைவிட நல்லது பண்ணிடாது. காத்து தீர்ந்து போறதுக்கு ஊர் வித்தியாசமே கிடையாது.

1989-ல் யுனைடெட் 232 விமானத்துக்கு நடந்தது நம்மில் பலருக்குத் தெரிஞ்ச கதை. டிசி-10 விமானம். ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு மூணு ஹைட்ராலிக் அமைப்பு. மூணும் தனித்தனி. ஆனா வாலுக்குள்ள மூணின் குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் போச்சு. வால் இன்ஜினின் ஃபேன் டிஸ்க் உடைஞ்சு சிதறினதில் மூணும் ஒரே நொடியில் போச்சு. 296 பேரில் 112 பேர் இறந்தாங்க. எண்ணிக்கையில் மூணு, இருக்கும் இடத்தில் ஒண்ணு. இதை ரிலையபிலிட்டி பாடத்தில் 'காமன் காஸ் ஃபெயிலியர்'னு படிச்சுட்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை லேப்டாப்லயும், அதே லேப்டாப் பையில் இருக்கும் பென் டிரைவிலும் வெச்சிருக்கிற ஆளுங்க நாம. ஆக்டோபஸை பேக்கப்னு நம்புறது அதே வகை.

சரி, பட்டி? இதுதான் பலமான எதிர்வாதம், லேசா ஒதுக்க முடியாது. உங்களுடன் வர்றவர் முதுகில் ஒரு முழு சிலிண்டர், முழு ரெகுலேட்டர், கூடவே பதறாத ஒரு மூளையும் இருக்கு. எந்தப் போனியும் அதுக்கு ஈடு இல்லை. சில பயிற்சி அமைப்புகள் ஒழுங்கான குழுவுக்குப் போனி தேவையே இல்லைன்னு சொல்வதும் இந்த அடிப்படையில்தான். அவங்க சொல்ற குழு எது? ரெண்டு பேரும் கை நீட்டினா தொடுற தூரம், ஒருத்தர் கேஜ் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும், காத்தைப் பகிர்ந்து மேலே வர்ற பயிற்சியைச் சேர்ந்து பல தடவை செஞ்சிருக்கணும்.

நமக்குக் கிடைக்கிற பட்டி எப்படி? படகில் ஏறினப்புறம், "நீங்க ரெண்டு பேரும் ஜோடி"ன்னு கைகாட்டி விடறாங்க. அவர் பேரே சரியா காதுல விழுந்திருக்காது. தண்ணிக்குள்ள போனதும் அவர் கேமராவோட ஒரு ஆமை பின்னாடி போயிட்டார். 5 மீட்டர் தள்ளி, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கார். வங்கக் கடலில் கலங்கின நாள்ல 5 மீட்டர்ங்கிறதே கண்ணுக்குத் தெரியாத தூரம். கத்தவும் முடியாது. அந்த நேரத்தில் பட்டி இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. முத்துக்குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் படகில் நிறுத்துவாங்கன்னு தூத்துக்குடிப் பக்கம் சொல்லக் கேட்டிருப்பீங்க. தங்கச்சி தாலிக்காகவாவது கவனமா இருப்பான்னு கணக்கு. படகில் அறிமுகமான பட்டிக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

அதனால என் கருத்து இதுதான். 18 மீட்டருக்குக் கீழே போறீங்க, பட்டி பழக்கமில்லாதவர் என்றால் போனி ஆடம்பரம் இல்லை. அதே சமயம் 12 மீட்டர்ல, இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரைப் பிடிச்சபடியே கூட வர்ற முதல் அனுபவ டைவுக்கு அது தேவையே இல்லை. அங்கே இன்னொரு சிலிண்டர் கட்டினா புதுசா வர்றவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். மூச்சு விட்டுக்கிட்டே நேரா மேலே வர்ற பயிற்சி அவ்வளவு ஆழத்துக்குப் போதும்.

இப்போ எவ்வளவு பெரிசு? இங்கதான் பலரும் கணக்குப் போடாம, கைக்கு அடக்கமா இருக்கிறதை வாங்கிடறாங்க. மவுத்பீஸ் நேரா தலையிலேயே இருக்கும் குட்டிக் குப்பிகள் விக்குது. பார்க்க அழகு. பெரிய மாடலே சுமார் 85 லிட்டர் காத்துதான் தாங்கும். 85 லிட்டர்னா நிறைய மாதிரி தெரியும். கணக்குப் போடுவோம்.

அமைதியா நீந்துற ஒருத்தர் மேல்மட்டத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 20 லிட்டர் இழுப்பார்னு வெச்சுக்கலாம். காத்து நின்னு பதறினவர் அப்படி இழுக்க மாட்டார். 30 லிட்டர்னு வைங்க, அதுவும் தாராளம் இல்லை. ஆழம் 30 மீட்டர். அங்கே மொத்த அழுத்தம் 4 பார். அப்போ நிமிஷத்துக்கு 120 லிட்டர். என்ன ஆச்சுன்னு புரிஞ்சு, போனி வாயைத் தேடிப் பிடிச்சு, நிதானப்பட்டு மேலே கிளம்ப ஒரு நிமிஷம்னா, அதுக்கே 120. அப்புறம் நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரைக்கும் ஏறணும். 25 மீட்டர், சுமார் 2.8 நிமிஷம். சராசரி ஆழம் 17.5 மீட்டர், அழுத்தம் 2.75 பார். பெருக்கினா 231 லிட்டர். 5 மீட்டர்ல 3 நிமிஷ சேஃப்டி ஸ்டாப், 1.5 பார், 135 லிட்டர். கடைசி 5 மீட்டரை மெதுவா ஒரு நிமிஷத்தில் ஏற இன்னும் 38. கூட்டினா 524.

85 லிட்டர் குப்பி 30 மீட்டர்ல 42 நொடி வரும். முதல் நிமிஷத்தையே தாண்டாது. நியாயமா சொல்லணும்னா, 12 மீட்டர்ல இருந்து ஸ்டாப் இல்லாம உடனே ஏற 64 லிட்டர் போதும். அங்கே அந்தக் குப்பி உதவும். ஆனா 12 மீட்டர்ல அது இல்லாமலும் மேலே வரலாம்னு இப்போதான் பார்த்தோம். எங்கே தேவையோ அங்கே பத்தாது, எங்கே பத்துமோ அங்கே பெரிசா தேவையில்லை. காசு கொடுத்து வாங்கின தைரியம், அதை நம்பி 30 மீட்டர் இறங்கினா இல்லாததைவிட ஆபத்து.

3 லிட்டர் சிலிண்டர் 200 பாருக்கு நிரப்பினா 600 லிட்டர். 524-க்கு மேல, சந்தோஷம். ஆனா கம்ப்ரஸர்ல அவசரமா நிரப்பினா காத்து சூடாகும். 57 டிகிரியில் 200 பார் காட்டின சிலிண்டர் 27 டிகிரிக்கு ஆறினதும் 182 பார்தான் காட்டும். கெல்வின்ல மாத்திப் பெருக்கிப் பாருங்க. இப்போ 546 லிட்டர். ரெகுலேட்டர் சரியா வேலை செய்யக் கடைசி 10 பார் மிச்சம் இருக்கணும்னு வெச்சா இன்னும் 30 போச்சு. 516. கணக்குப் போட்ட 524-க்கு ஒரு கை குறையுது. பயப்பட வேண்டாம், டீகம்ப்ரஷன் கட்டாயம் இல்லாத டைவ்ல சேஃப்டி ஸ்டாப்பை அவசரத்துக்குச் சுருக்கிக்கலாம். ஆனா ஒண்ணு புரியும்: 3 லிட்டர்ங்கிறது தாராளம் இல்லை, 30 மீட்டருக்கு அதுதான் சரியான அளவு. 2 லிட்டர் என்றால் நிறைச்சு 400. ஸ்டாப் இல்லாம மேலே வரவே 389 வேணும். உங்க ஆழம், உங்க மூச்சு வேகம் போட்டு நீங்களே கணக்கிட்டு வாங்குங்க. கடைக்காரர் சொல்ற சைஸ் அவர் ஸ்டாக்கில் இருக்கிற சைஸ்.

மாட்டுற விஷயத்துக்கு வருவோம். முக்கிய சிலிண்டரோட சேர்த்து முதுகில் பட்டை போட்டுக் கட்டலாம், இல்லை இடது பக்கமா, தோள் வளையத்திலும் இடுப்பு வளையத்திலும் ரெண்டு போல்ட் ஸ்னாப் போட்டுத் தொங்கவிடலாம். முதுகில் கட்டினா கைக்குத் தடையில்லை, படகில் ஏற சுலபம். ஆனா வால்வு கைக்கு எட்டாது, கேஜ் கண்ணுக்குத் தெரியாது. திறந்திருக்கா, நிறைஞ்சிருக்கா, கசியுதான்னு எதுவும் தண்ணிக்குள்ள பார்க்க முடியாத ஒரு பொருளைப் பேக்கப்னு சொல்ல எனக்கு மனசு வரலை. பக்கவாட்டில் தொங்கினா குனிஞ்சாலே எல்லாம் தெரியும். இன்னொருத்தருக்குத் தேவைப்பட்டா ரெண்டு கொக்கியைக் கழட்டி அப்படியே கொடுத்துடலாம். முதல் ரெண்டு டைவ் இடிக்கும், அப்புறம் பழகிடும்.

ரெகுலேட்டர் எதை மாட்டறது? "எப்பவாவதுதானே யூஸ் ஆகும்"னு, ஓய்வு கொடுத்த பழசை மாட்டுறவங்க உண்டு. உடைஞ்ச பழைய போனை அவசரத்துக்கு வெச்சிருந்து, அவசரத்தில் எடுத்தா சார்ஜ் இல்லாத கதை. எப்பவாவது, ஆனா மோசமான நேரத்தில் மட்டும் தேவைப்படுறதுக்குத்தான் நல்ல ரெகுலேட்டர் வேணும். முக்கியமானதைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுங்க. பி.சி.டி. ஊதற ஹோஸை இதில் இணைக்காதீங்க. இது மூச்சுக்கு மட்டும். மேலே ஏறும்போது பி.சி.டி.யில் காத்து அடைக்கிற வேலை பெரும்பாலும் வராது, மேல்மட்டத்தில் வாயாலயே ஊதிக்கலாம்.

வாயை எங்கே வைக்கிறதுங்கிறதில் ஒரு எச்சரிக்கை. போனியால் வர்ற மோசமான விபத்து ஒண்ணு உண்டு: படகில் இருந்து குதிக்கும்போது தவறுதலா போனி வாயைக் கடிச்சுக்கிட்டு இறங்கறது. பெரிய சிலிண்டர் கேஜ் 200-லயே நிக்குது, "நம்ம மூச்சு இவ்வளவு சிக்கனமா!"ன்னு பெருமை வேற. சில நிமிஷத்தில், சரியா ஆழத்தில் இருக்கும்போது போனி தீரும். பேக்கப்பே பிரச்னையா மாறும். அதனால ரெண்டும் தொட்டாலே வித்தியாசம் தெரியற மாதிரி இருக்கணும். போனி வாயில் ஒரு ரப்பர் வளையம், வேற வடிவ மவுத்பீஸ், எதுவானாலும் சரி. நிறத்தை மட்டும் நம்பாதீங்க, ஆழத்தில் நிறம் மங்கிடும். ரப்பர் கயிற்றில் கழுத்தடியில் மாட்டினா தேட வேண்டாம், குனிஞ்சு கவ்விக்கலாம்.

வால்வைத் திறந்து வைக்கிறதா, மூடி வைக்கிறதா? இதில் டைவர்கள் விடிய விடியச் சண்டை போடுவாங்க. திறந்து வெச்சா தெரியாம கசிஞ்சு தீரலாம். மூடி வெச்சா, ஹோஸுக்குள்ள நிக்கிற காத்து ஒரு மூச்சுக்கு வந்தா பெரிசு, அப்புறம் பதற்றத்தில் வால்வைத் தேடித் திருகணும். என் ஓட்டு திறந்து வைக்கிறதுக்கு. கசிவைக் கேஜ்ல பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மூச்சில்லாத நேரத்தில் விரல் சொன்னபடி கேட்குமாங்கிறதை எந்தக் கேஜும் காட்டாது. இறங்கறதுக்கு முன்னாடி கேஜைப் பார்த்தபடியே போனியில் ரெண்டு மூச்சு இழுங்க. முள் அசையக் கூடாது. மூச்சுக்கு மூச்சு முள் விழுந்து எழுந்தா வால்வு முழுசா திறக்கலை.

இத்தனையும் சரியா செஞ்சவங்களும் ஒரு இடத்தில் சறுக்குவாங்க. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் ஆய்வாளர்கள் அலசி 2008-ல் வெளியிட்டாங்க. விபத்தின் தொடக்கம் எதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்ச சம்பவங்களில் 41 சதவீதம் காத்துப் பத்தாம போனது. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். அதாவது, பெரும்பாலும் ரெகுலேட்டர் துரோகம் பண்றதில்லை. கேஜைப் பார்க்காம விடறோம், அல்லது பார்த்தும் "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு நிக்கிறோம். அப்படிப்பட்ட ஆளுக்குப் போனி கொடுத்தா என்ன செய்வார்? "எக்ஸ்ட்ரா 600 லிட்டர் இருக்கே"ன்னு பத்து நிமிஷம் கூட நிப்பார். அந்த நிமிஷத்தில் அது பேக்கப் இல்லை, பிரிச்சு வெச்ச பெரிய சிலிண்டர். டைவ் திட்டத்தில் போனியின் காத்தை ஒரு லிட்டர்கூடச் சேர்க்காதீங்க. 50 பார் மிச்சத்தோட மேலே வரணும்னா, போனி இல்லாதவர் மாதிரியே 50 பாரோட வாங்க. போனி வாய் ஒரு தடவை வாய்க்கு வந்துட்டா டைவ் முடிஞ்சது. ஆமை இருக்கட்டும்.

ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஒரு தடவையாவது, 5 மீட்டர் ஸ்டாப்ல, கண்ணை மூடிக்கிட்டுப் போனி வாயைத் தேடிப் பிடிச்சு, மாத்தி, ரெண்டு நிமிஷம் அதிலேயே மூச்சு விட்டுப் பாருங்க. 90 லிட்டர் செலவாகும், திரும்ப நிரப்பணும், காசு. இந்தக் காசுக்குப் பார்த்துத்தான் பலர் வாங்கின நாள்ல நிரப்பினதை வருஷக்கணக்கா தொடாம வெச்சிருக்காங்க.

நம்மில் பெரும்பாலானவங்களுக்குச் சொந்தமா சிலிண்டர் கிடையாது, இருந்தாலும் நிரப்பினதை விமானத்தில் ஏத்த மாட்டாங்க. அதனால செமஸ்டர் லீவுக்கு அந்தமான் புக் பண்ணும்போதே டைவ் சென்டருக்கு ஒரு மெசேஜ் போடுங்க. வாடகைக்கு 3 லிட்டர் போனி இருக்கா? அதுக்குத் தனி கேஜ் இருக்கா? அந்த ரெகுலேட்டரைக் கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணீங்க? சிலிண்டர்ல கடைசி ஹைட்ரோ டெஸ்ட் தேதி என்ன? பல இடத்தில் "இல்லை"ன்னுதான் பதில் வரும். அப்போ ஆழத்தைக் குறைச்சுக்கோங்க, பட்டியோட பேரைச் சரியா கேட்டு வைங்க, இறங்கறதுக்கு முன்னாடி அவர் ஆக்டோபஸ் எந்தப் பக்கம் தொங்குதுன்னு தொட்டுப் பாருங்க.